மூன்றாவது தட்டு

எங்கள் ஊர் கல்மூலையில் தங்கம் தேடிக் குழிக்குள் இறங்குகிற ஆண் யாராக இருந்தாலும், இறங்குவதற்கு முன்னால் வாசலில் நின்று தன் வீட்டில் எத்தனை பேர் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், ஏனென்றால் உள்ளே நாற்பது அடியில், அறுபது அடியில் விளக்கு அணைந்து மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகிறபோது மனிதக் குரல் பாறையில் மோதி உடைந்து யாருடையது என்றே தெரியாமல் ஆகிவிடும், ஆனால் தட்டுகிற சத்தம் உடையாது. அதனால் வெளியே காவல் நிற்பவர் கடப்பாரையின் அடிப்பக்கத்தால் பாறையில் அந்த எண்ணிக்கையைத் தட்டுவார், ஐந்து பேர் வீட்டுக்காரன் ஐந்து தட்டைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வருவான், ஏழு பேர் வீட்டுக்காரன் ஏழு தட்டைப் பிடித்துக்கொண்டு வருவான். இதில் பொய் எண் சொல்லக் கூடாது. வயிற்றில் இருப்பதை எண்ணக் கூடாது, பேர் வைக்காத பிள்ளையை எண்ணக் கூடாது, செத்தவரை அன்றைக்கே கழித்துவிட வேண்டும். மலை கணக்கு வைத்திருக்கிறது என்பார்கள்.

என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி கல்யாணமான புதிதில் "ரெண்டு" என்று சொல்லிவிட்டு இறங்குவார். அமலி பிறந்து ஞானஸ்நானமும் ஆன மறுநாள், தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்படி "மூணு!" என்று கத்தினாராம். முப்பத்தோரு நாள் அப்படிக் கத்தினார். முப்பத்திரண்டாம் நாள், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்த ஜீப்பில், ஏழாவது வளைவுக்கும் எட்டாவது வளைவுக்கும் நடுவில், என் மடியிலேயே அமலி குளிர்ந்துபோனாள். மறுவாரம் குழி வாசலில் அவருக்கு வாய் எழும்பவில்லை, இரண்டு விரலை மட்டும் காட்டிவிட்டு இறங்கினார் என்று காவல் நின்ற கதிர்வேலு அண்ணன்தான் எனக்குச் சொன்னார்.

நான் கான்வென்டில் படித்தவள். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஒரு ராஜாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், தன் சனங்கள் எத்தனை பேர் என்று கர்வத்தோடு எண்ணிப் பார்த்தவன், அவன் எண்ணியதற்காகவே ஊருக்குள் கொள்ளைநோய் புகுந்தது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தக் கதை எட்டாவது வளைவில்தான் என் உடம்புக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் எதையும் எண்ணவில்லை. முட்டையை "ஒரு கை" என்பேன், ஆரஞ்சை "கால் கூடை" என்பேன், ஜெபமாலை சொல்லும்போதுகூட மணிகளைக் கூட்டிப் பார்க்காமல் விரல் போன போக்கில் விட்டுவிடுவேன்.

மற்ற ஆண்கள் எல்லாரும் குழியிலிருந்து எடுத்த வெள்ளைக்கல்லை இடித்து, மரத்தட்டில் ஓடைத் தண்ணீர் விட்டு அலசி, பாதரசம் சேர்த்துச் சுட்டு, மிளகளவு உருண்டையாக்கி டீக்கடை மொய்து காக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். இஞ்ஞாசி அப்படி இல்லை. தங்கம் தானாக முளைத்து நிற்கிற கல் கிடைத்தால் அதன்மேல் சுத்தியை வைக்கவே மாட்டார். பிரசவ வார்டுப் பஞ்சில் பொதிந்து பால்பவுடர் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒன்றில் பொடிப் பெரணி இலை, ஒன்றில் கம்பிபோலச் சுருண்ட கொடி, ஒன்றில் விரியாத மொட்டு, எல்லாம் மனிதக் கை படாமல் மலையே செய்தது. வருடத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒருத்தர் வந்து அப்படியே விலை கேட்பார், இவர் இரண்டைக் கொடுத்துவிட்டு நான்கை ஒளித்து வைத்துக்கொள்வார்.

"இஞ்ஞாசி, நீ தங்கம் எடுக்குற ஆளா, பூந்தோட்டக்காரனா?" என்று மொய்து காக்கா கடையில் எல்லார் முன்னாலும் கேட்பார்.

"உருக்கின தங்கம் ஊமை காக்கா. எங்கே பொறந்துச்சுன்னு அதுக்கே மறந்து போயிரும். இது இன்னும் பேசிட்டிருக்கு."

"பேசட்டும். பால் பாக்கிக்கு அது என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லு."

எல்லாரும் சிரிப்பார்கள், இவரும் சிரிப்பார். ஆனால் வீட்டில் அந்த டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார். இலை கிடைத்திருக்கிறது, தண்டு கிடைத்திருக்கிறது, மொட்டும் கிடைத்திருக்கிறது, வேர் மட்டும் யாருக்கும் கிடைத்ததில்லை. இத்தனையும் ஒரே செடி என்றும், அது மலைக்குள் எங்கோ வேர் விட்டிருக்கிறது என்றும், அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பறிக்கக்கூட வேண்டாம் என்றும் சொல்வார். அமலி போன பிறகு அந்தப் பேச்சு அதிகமானது. நான் தடுக்கவில்லை. ஏங்குவதற்கு அவருக்கு ஒரு இடம் வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபடி எனக்கு எட்டு மாதமாக இருந்தபோது, ஒரு காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "இது பொறந்ததும் எண்ணிக்கை ஒண்ணு கூடும்," என்றார்.

"கூடாது. நான் எண்ண மாட்டேன். நீங்களும் எண்ணக் கூடாது."

"அப்போ என்னை எப்படிக் கூப்பிடுவே?"

"ரெண்டு தட்டுவேன்."

"வீட்டுல மூணு பேர் இருக்க ரெண்டு தட்டினா மலை கோச்சுக்காதா?"

"கோச்சுக்கட்டும். எனக்குப் பயமா இருக்குங்க."

ரொட்டியைத் தட்டில் வைத்தார். "சரி ஜெசி, ரெண்டுக்கும் வர்றேன். ஆனா நீ மூணு தட்டினேன்னு வை, எங்கே இருந்தாலும் சரி, கையில எதைப் புடிச்சிட்டிருந்தாலும் சரி, போட்டுட்டு வந்துருவேன்."

அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதிர்வேலு அண்ணன் கயிற்றில் கட்டி உள்ளே விட்ட சோற்றுத் தூக்குவாளி கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, அதன் அடியில் ஒரு தங்க இலை கிடந்தது. மாலையில் அவர் இடுப்புக் கயிறு மட்டும் வந்தது, அறுந்து போகாமல், முடிச்சு நிதானமாக அவிழ்க்கப்பட்டு. அண்ணன் விளக்கோடு உள்ளே போய்ப் பார்த்தபோது அறுபது அடிக் குழி நாற்பது அடியிலேயே முடிந்திருந்தது, மண் சரிந்த அடையாளம் இல்லை, விரிசல் இல்லை, உலகம் உண்டானதிலிருந்து அங்கேயே இருப்பதுபோல ஒரு பாறை, அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம்.

"வேரைப் பார்த்துட்டான் போல," என்று அண்ணன் என்னிடம் வந்து சொன்னார். "நடந்து போயிட்டிருக்கான் தங்கச்சி. நீ சாப்பிடு."

மூன்றாம் நாள் அந்தச் சத்தம் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு அடுப்படிக்குக் கீழே வந்தது. எங்கள் அடுப்படியில் மலையின் பாறை தரையைப் பிளந்துகொண்டு எருமை முதுகு மாதிரி கொஞ்சம் வெளியே நிற்கும், அதில்தான் நான் தேங்காய் உடைப்பது. அம்மிக் குழவியைத் தூக்கி அதில் இரண்டு தட்டினேன். கீழிருந்து இரண்டு வந்தது. என் பற்களில் அது தெரிந்தது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யானை வழி மாறி நடக்கிற ஊரில் ஒரு மனிதன் தரைக்கடியில் நடந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். காலையில் மொய்து காக்கா கடையில் மழையைப் பற்றிப் பேசுவதுபோல, "இன்னைக்கு இஞ்ஞாசி எங்கே?" "ஃபாக்டரிக்குக் கீழே." "நேத்து ரேஷன் கடைக்குக் கீழே இருந்தான், சர்க்கரை போடுற அன்னைக்கு," என்று பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர் சத்தத்துக்கு வாய்ப்பாடு சொன்னார்கள். வனத்துறை கார்டு ஒருவர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, இது காட்டுக்குள் வரவில்லை, பூமிக்குள் வருகிறது, எனக்குச் சம்பந்தமில்லை என்று டீ குடித்துவிட்டுப் போனார். பேறுகாலம் நெருங்கியிருந்த எனக்கு மட்டும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறை வைத்துச் சோறு வந்தது, கருவாடு வந்தது, ஒரு கை முட்டை வந்தது.

பிறகு எதிர் வரிசை லெட்சுமாயி அக்கா ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்தபோது அதன் கற்குடலுக்குள் ஒரு தங்க மொட்டு இருந்தது. முந்தின நாள்தான் இஞ்ஞாசி அவள் வீட்டுப் பின்னால் போயிருந்தார். அடுத்த வாரம் ஓடைக்கரை நண்டு தன் வளையிலிருந்து மண்ணோடு ஒரு தங்கக் கொடியைத் தள்ளி வெளியே வைத்தது. இஞ்சி பிடுங்கினவர்களுக்கு இஞ்சியின் விரலிடுக்கில் இலை கிடைத்தது. அவர் எந்த வழியாகப் போகிறாரோ அந்த வழியில் மேலே தங்கம் கசிந்தது, அதுவும் மற்றவர்கள் இடித்துச் சுடுகிற பொடித் தங்கம் இல்லை, அவர் பஞ்சில் பொதிகிற தங்கம். எனக்கு அது கடிதம் வந்ததுபோல இருந்தது, ஆனால் எல்லார் வீட்டு விலாசத்துக்கும் வந்தது.

குழந்தை பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பெண். அன்றைக்கு அவர் எங்கோ தூரத்தில், பந்தலூர் ரோட்டுக்குக் கீழே இருந்தார். லெட்சுமாயி அக்காதான் தொப்புள்கொடி அறுத்தாள், குளிப்பாட்டினாள், "பேர் என்னடி?" என்றாள்.

"இல்ல."

"இல்லன்னா?"

"பேர் வைக்கல. வச்சா எண்ணணும்."

சாமியார் நேரில் வந்து ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவது பாவம் என்று சொன்னார், சரி ஃபாதர் என்றேன், தள்ளிப்போட்டேன். குழந்தையை "இது" என்றுதான் கூப்பிட்டேன். இது அழுகிறது, இது சிரிக்கிறது, இதற்குப் பசிக்கிறது. அதன் நெற்றியில் என் உதடு படும்போதெல்லாம் சூடு இருக்கிறதா என்று பார்ப்பேன், சூடு இல்லை என்றால் குளிர்ந்துவிட்டதா என்று பார்ப்பேன்.

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் குழவியை எடுத்து இரண்டு தட்டுவேன். அவர் எங்கிருந்தாலும் திரும்பினார். சத்தம் மலைச்சரிவில் ஏறி, லைன் வரிசைக்குக் கீழே புகுந்து, ஒவ்வொரு நாளும் ஒரு முழம் மேலே வந்தது. ஒருநாள் பாறையில் காதை வைத்தபோது அவர் இருமுவது கேட்டது. இன்னும் ஒரு வாரம் என்று கதிர்வேலு அண்ணன் சொன்னார். நான் அவருடைய பனியனைத் துவைத்துக் காயப்போட்டேன்.

அந்த வாரம்தான் ஊர் தட்ட ஆரம்பித்தது.

யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. இஞ்ஞாசி இரண்டுக்குத் திரும்புவான் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லார் வீட்டுக்கும் கீழே மலை இருக்கிறது. தரைச் சாணியைப் பெயர்த்து, சிமெண்டை உடைத்துப் பாறை தெரிகிறவரை தோண்டி உலக்கையால் இரண்டு தட்டினார்கள். ஏழு பேர் இருக்கிற வீட்டிலும் இரண்டு, ஒண்டிக்கட்டை வீட்டிலும் இரண்டு. ஃபாக்டரிக்குள் சைரன் அடித்த பிறகு யாரோ இரும்புக் குழாயால் இரண்டு. மாதா கோயிலில் உபதேசியார் பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு மணி அடித்தார், கேட்டதற்குக் கூரை ஒழுகுகிறது என்றார். எல்லாரும் அவரவர் வீட்டுக்குக் கொஞ்சம் வந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தார்கள், கெட்ட எண்ணம் இல்லை, விருந்தாளியைக் கையைப் பிடித்து இழுப்பதுபோலத்தான். கோழிகள் எல்லாம் கொழுத்துப்போய் மண்ணையே கிளறிக்கொண்டு திரிந்தன.

அவர் கிழக்கே ஓடினார், மேற்கே ஓடினார். ஒரே நேரத்தில் முப்பது வீட்டில் தன் வீடு கேட்டது அவருக்கு. என் இரண்டு அதற்குள் கரைந்து போயிற்று. பதில் சத்தம் மெலிந்தது. இரண்டு தட்டுக்கு இரண்டு வந்தது, பிறகு இரண்டுக்கு ஒன்று வந்தது, பிறகு சுத்தியலை இழுத்துக்கொண்டு போகிற உரசல் மட்டும் கேட்டது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மொய்து காக்கா கடைக்குப் போனேன். "அவருக்குக் களைச்சுப் போச்சு," என்று மட்டும் சொன்னேன்.

கடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. காக்கா அடுப்பைத் தணித்தார். "மோளே, நேத்து நானும் தட்டினேன்," என்றார். "படச்சவன் மன்னிக்கட்டும். இதோ இந்த டேபிளுக்கு அடியில."

கதிர்வேலு அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தார். "நம்ம ஊர்ல எதுக்கெல்லாமோ பந்த் நடத்தியிருக்கோம். யானைக்கு நடத்தினோம், பட்டாவுக்கு நடத்தினோம், தேயிலை விலைக்கு மூணு தடவை நடத்தினோம், ஒண்ணும் கிடைக்கல. நாளைக்குச் சத்தத்துக்கு ஒரு பந்த். ஒரு நாள். உரல், உலக்கை, மிஷின், மணி, ரேடியோ எதுவும் கூடாது."

"இருமல்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"துண்டை வாயில அடைச்சிட்டு இருமு."

அப்படி ஒரு பந்த் எங்கள் பக்கம் நடந்ததில்லை. ஃபாக்டரி நின்றது, ஜீப்புகள் பந்தலூரிலேயே நின்றுகொண்டன, பெண்கள் அரைக்காத குழம்பு வைத்தார்கள், நாய்களுக்கு முன்கூட்டியே சோறு போட்டுத் தூங்க வைத்தார்கள். ஊரே வெறுங்காலோடு வந்து எங்கள் வீட்டு முன்னால், படியில், வேலியோரம், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றது. மூடுபனி இறங்குகிற சத்தம் கேட்டது என்று பிறகு சிலர் சொன்னார்கள். கதிர்வேலு அண்ணனும் லெட்சுமாயி அக்காவும் மட்டும் அடுப்படிக்குள் வந்தார்கள்.

குழவியைத் தூக்கி இரண்டு தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி இரண்டு. ரொம்ப ஆழத்தில், கழுத்தைத் திருப்புவதுபோல ஏதோ அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் இரண்டு தட்டினேன், நான்காவது முறையும். அசைவு அதே இடத்தில் இருந்தது. அவர் கேட்கிறார், கேட்டுக்கொண்டே நிற்கிறார், வரவில்லை.

"நம்ப மாட்டேங்கறான்," என்றார் அண்ணன் மெதுவாக. "எத்தனை ரெண்டுக்கு ஓடியிருப்பான். இனி ரெண்டுன்னாலே அவனுக்குப் பொய்தான்."

"மூணு?" என்று நானே கேட்டேன், யாரோ கேட்டதுபோல இருந்தது. "மூணு யாராவது தட்டினாங்களா?"

லெட்சுமாயி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினாள். "ரெண்டு தட்டினேன்டி. எங்க வீட்டுல அஞ்சு பேரு, வெக்கமில்லாம ரெண்டு தட்டினேன். மூணு தட்டல. யாரும் தட்டல. உன் புள்ளையை எடுத்து எண்ணிக்கையில வைக்க எங்க ஒருத்தருக்கும் கை வரல. அந்தளவுக்கு நாங்க பாவி இல்ல."

முப்பது வீடும் என்னை ஏமாற்றின, முப்பது வீடும் என் பயத்தைத் தொடாமல் விட்டு வைத்திருந்தன. அந்த ஒரு எண் மட்டும் அழுக்குப்படாமல் எனக்காக அப்படியே இருந்தது, என் கையில்தான் இருந்தது, பிறந்த நாளிலிருந்து இருந்தது. நானும்தானே பொய் தட்டினேன். எண்ண வேண்டிவரும் என்றே பேர் வைக்காமல், வீட்டில் மூன்று பேரை வைத்துக்கொண்டு தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு மலைக்குப் பொய் சொன்னேன்.

தூளியைப் பார்த்தேன். இது விழித்துக்கொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாவது வளைவு ஞாபகம் வந்தது. குழவியைக் கீழே வைத்துவிட்டேன், வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

"அக்கா, அதைத் தூக்கி என் பக்கத்துல வச்சுக்குங்க. நெத்தியில கை வச்சுக்கிட்டே இருங்க. சுட்டா சொல்லுங்க."

"வச்சிருக்கேன்."

ஒன்று தட்டினேன். அது நான்.

இரண்டாவது தட்டு. அது அவர்.

பிறகு நின்றுவிட்டேன். வெளியே ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது, அண்ணன் ஒரு யுகம் என்றார், அக்கா ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம் என்றாள், அவளுக்கு அந்த ஜெபமே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் அதற்கு ஒரு பேரை வைத்து, என் குழந்தையை எண்ணினேன்.

மூன்று.

கீழே எதுவோ கனமானது கைநழுவி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓடுகிற சத்தம். பாறைக்குள் யாரும் ஓட முடியாது, ஆனால் அவர் ஓடி வந்தார், சுவரில் தோள் இடித்துக்கொண்டு, தடுக்கி விழுந்து எழுந்து, இருமிக்கொண்டு, மேலே மேலே மேலே. எருமை முதுகுப் பாறை நடுவில் வெடித்து இரண்டாகப் பிளந்தது, அதிலிருந்து வெள்ளைக்கல் தூள் அப்பிய ஒரு கை வெளியே வந்து தரையைத் தடவியது. கதிர்வேலு அண்ணன் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். தாடியும் தூளுமாக, கண்ணைத் திறக்க முடியாமல், அவர் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையைக் காற்றில் நீட்டியபடி கேட்டார்.

"மூணா?"

"மூணு," என்றேன்.

லெட்சுமாயி அக்கா குழந்தையை அந்தக் கையில் வைத்தாள். நெற்றி சுடவில்லை, குளிரவும் இல்லை. அது அழ ஆரம்பித்ததும் பந்த் முடிந்தது, வெளியே முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

மொய்து காக்காதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார். "இஞ்ஞாசி, வேரைப் பார்த்தியா?"

"ஒரு முழம் தள்ளி இருந்துச்சு காக்கா. வெளிச்சம் தெரிஞ்சுச்சு. கையை நீட்டினேன், அப்பத்தான் ஜெசி மூணு தட்டினா."

அதற்குப் பிறகு அடித்த கோழிகளுக்குள் கல்லும் உமியும் மட்டும்தான் இருந்தன. யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை, உபதேசியார் கூரைக்கு ஓலை தேட ஆரம்பித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். செலின் என்று பேர். காலையில் குழி வாசலில் அவர் "மூணு" என்று சொல்லும் சத்தம் லைன் வீடுவரை கேட்கும். இப்போது கத்துவதில்லை, சொல்கிறார். நான் அடுப்படியில் நின்று செலினின் நெற்றியில் கை வைத்துக்கொள்வேன்.

பிளந்த பாறையின் மேல் அம்மியைப் போட்டு மூடியிருக்கிறோம். சில நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் அங்கே போய் அம்மியை மெல்ல நகர்த்திவிட்டு, தரையில் படுத்து, அந்த விரிசலில் காதை வைத்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் கேட்காது. முகம் அந்தப் பால்பவுடர் டப்பாக்களைத் திறந்து வைத்திருந்த காலத்து முகமாக இருக்கும். நான் திட்டுவதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விரல் முட்டியால் கதவு நிலையில் மூன்று தட்டுகிறேன்.

எழுந்து வந்துவிடுகிறார். இதுவரை, ஒவ்வொரு முறையும், வந்துவிடுகிறார்.